ஒன்றரைக் கட்டையில் ஒரு மாலை

என் நண்பனுக்குப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் பிழைப்பு. கோலாலம்பூரின் செந்தூலில் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஐந்தாம் படிவம் முடித்ததும் நான் கெப்போங்கில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனேன். அவன் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில் பியானோ தூக்கப் போனான். வீட்டில் சுவரோரம் வைக்கும் சாதாரணப் பியானோவே இருநூறு கிலோவைத் தொடும். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றியவனுக்குத்தான் இசையின் கனம் தெரியும் என்பான். இரண்டு வருடம் தூக்கினான். அப்புறம் தவுக்கே ஒரு நாள் சுருதி சேர்க்கும் திருகுக் கோலை அவன் கையில் கொடுத்து, "காதை வச்சுக் கேளு" என்றாராம். இப்போது இருபத்தைந்து வருடம் ஆகிறது.

நான் மிருதங்கம். வித்வான் ஒன்றும் இல்லை. கோவில் மண்டபத்தில் ஏழு வருடம் கற்றுக்கொண்டதை வைத்து வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிக்கிறேன், கூப்பிட்டால் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் போவேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எங்கே கர்நாடகக் கச்சேரி நடந்தாலும் வேலை முடிந்ததும் ஓடிவிடுவேன். ஆனால் பியானோக் கச்சேரிக்கு வா என்று அவன் எத்தனையோ வருடமாக அழைத்தும் நழுவிக்கொண்டே இருந்தேன். என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் இல்லாத வாத்தியத்தை எப்படி இரண்டு மணி நேரம் கேட்பது? வீணையில் தந்தியை இழுக்கலாம், வயலினில் விரலை நகர்த்தலாம், நாதஸ்வரத்தில் மூச்சிலேயே வளைக்கலாம். பியானோவில் கட்டையை அமுக்கினால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஒரு நாள் மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இதையே திரும்பவும் சொன்னேன். அவன் தே தாரிக் (நுரைக்க ஆற்றிய தேநீர்) கிளாஸைக் கீழே வைத்தான்.

"நீ 'தீம்'னு ஒரு அடி அடிக்கிற. அடிச்சதுக்கு அப்புறம் அதை என்னடா பண்ண முடியும்?"

ஒன்றும் பண்ண முடியாது. விட்ட அம்பு மாதிரி போய்விடும்.

"இதுவும் அப்படித்தான். பியானோவ வீணையோட சேர்த்துப் பாக்கறதை விட்டுட்டு மிருதங்கத்தோட சேர்த்துப் பாரு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, வருகிறேன் என்றேன்.

டிக்கெட்டை நானே இணையத்தில் எடுத்தேன், அவனிடம் கேட்காமல். அதுதான் முதல் தவறு. இடம் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் ஃபிலார்மோனிக் பெட்ரோனாஸ் இசை மண்டபம். இருக்கை வரைபடத்தில் மேல் அடுக்கில் வலது பக்கம் இரண்டு இடம் காலியாக இருந்தது, விலையும் குறைவு. அழுத்திவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 200 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது என்று பெருமையாகச் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மேடையில் பெரிய பியானோவை எப்போதும் ஒரே மாதிரிதான் வைப்பார்கள். மூடி ஒரு பக்கம்தான் திறக்கும். திறந்த வாய் ரசிகர்களைப் பார்க்க வேண்டும் என்றால் வாசிப்பவர் நமக்கு இடது கைப் பக்கம்தான் உட்கார முடியும். ஆகவே மண்டபத்தின் இடது பாதியில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கைகள் தெரியும். வலது பாதிக்கு முகமும் பியானோவின் வயிறும்தான். பியானோ படிக்கிற பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இடது பக்கத்தைத்தான் முதலில் தேடுவார்களாம், அது முதலில் விற்றுத் தீர்ந்துவிடுமாம். கைகளைப் பார்க்க ஆசை இருந்தால் முன்கூட்டியே இடது பக்கம் எடுங்கள். நாங்கள் பார்த்தது வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் அவன் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தான். நிகழ்ச்சி நிரலில் இருந்தவை: முதல் பாதியில் பீத்தோவனின் பதினான்காவது சொனாட்டா (பல பாகங்கள் கொண்ட உருப்படி), ஷூமனின் பதின்மூன்று சிறு துண்டுகள் கொண்ட குழந்தைப் பருவக் காட்சிகள். இடைவேளைக்குப் பிறகு ஷோபானின் இரண்டு நாக்டர்ன் (இரவின் மனநிலையில் எழுதிய சிறு உருப்படி), அதே ஷோபானின் முதல் பல்லாட் (கதை சொல்வது போல நீளும் உருப்படி). ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது கேட்டுவிட்டு வா என்றான். எனக்கு முதலில் இது சுவாரசியத்தைக் கெடுக்கும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், கர்நாடகக் கச்சேரியிலும் தெரிந்த கிருதி வந்தால்தானே நிமிர்ந்து உட்காருகிறோம்? தினமும் ரயிலில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஆச்சரியம்.

பீத்தோவனின் அந்தச் சொனாட்டா சி ஷார்ப் மைனர் சுருதியில் இருக்கிறது. நாம் ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தானே சுருதி சொல்கிறோம். சி என்றால் ஒரு கட்டை, டி என்றால் இரண்டு கட்டை. அப்படியானால் சி ஷார்ப் ஒன்றரைக் கட்டை! ஐரோப்பாவில் 1801-இல் எழுதப்பட்ட ஒரு உருப்படி நம்மூர் பாகவதர் பாடுகிற சுருதியில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஆங்காங்கே கீரவாணி ராகத்தின் வாடையும் அடிக்கிறது. அதைவிட, முதல் பாகம் முழுக்க வலது கையில் ஓடுவது மூன்று மூன்றாகத்தான்: தகிட தகிட தகிட தகிட. சுத்தமான திஸ்ரம். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ரயில் மாறுவதை மறந்து இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.

நிலா வெளிச்சம் என்று அந்தச் சொனாட்டாவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பீத்தோவன் வைத்தது இல்லை. அவர் இறந்தது 1827-இல். பெயருக்குக் காரணம், அதற்குப் பிறகு ஒரு ஜெர்மானிய விமர்சகர் ஏரியில் விழும் நிலவோடு அதை ஒப்பிட்டது. இதை நண்பன் சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி. ஏனென்றால் எத்தனை முறை கேட்டும் எனக்கு நிலா தெரியவில்லை. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

உடை விஷயத்திலும் அவன் கண்டிப்பு. வட்டக் கழுத்து டி-சட்டை, அரைக்கால் சட்டை, செருப்பு மூன்றும் வேண்டாம் என்றான். கல்யாணத்துக்குப் போட்ட முழுக்கைப் பாத்தேக் சட்டை கைகொடுத்தது. முழுக்கை என்பது மரியாதைக்கு மட்டும் இல்லை, உள்ளே குளிர் அப்படி. பெண்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்வது நல்லது. அந்தக் குளிர்சாதனம் நமக்காக என்று நினைத்தேன்; பியானோவுக்கும்தானாம். நம் நாட்டு ஈரக் காற்றில் மரம் ஊதும், உள்ளே ஒலிப்பலகை புடைக்கும், தந்தி இறுகும், சுருதி மேலே ஏறும். வீட்டுப் பியானோவுக்குள் ஒரு சூடேற்றும் குழாயைப் பொருத்தி ஈரத்தை விரட்டுவது அவன் அன்றாட வேலைகளில் ஒன்று. மிருதங்கத்தை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைவிட அவன் பாடு பெரிது என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

எட்டு மணிக் கச்சேரி. சாயங்காலம் வழக்கம்போல வானம் பிளந்துகொண்டு கொட்டியது. கார் எடுக்காமல் செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்தது நல்லதாகப் போயிற்று. கேஎல்சிசி நிலையத்தில் இறங்கி, சூரியா பேரங்காடிக்குள்ளேயே நடந்து, நனையாமல் மண்டப வாசல் வரை போய்விடலாம். ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பசியை வெளியிலேயே ஆற்றிவிட்டுப் போவது முக்கியம். வயிறு உறுமினால் அந்த அமைதியில் மூன்று வரிசைக்குக் கேட்கும். தாமதமாக வந்தால் கதவைத் திறக்க மாட்டார்கள், ஒரு உருப்படி முடிந்து கைதட்டல் வரும் வரை வெளியே நிற்க வேண்டும். தாள வாத்தியக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது காப்பி குடிக்க எழுந்து போகும் நம் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மண்டபம் 1998 ஆகஸ்ட்டில் திறந்தது. 900-க்கும் மேற்பட்ட இருக்கைகள். உள்ளே போனதும் எனக்குப் பட்டது, இது ஒரு பெரிய காலணிப் பெட்டி. நீளம், உயரம், பக்கச் சுவர்கள் நெருக்கம். வியன்னாவில் 1870-இல் கட்டிய புகழ்பெற்ற இசைமண்டபமும் இதே காலணிப் பெட்டி வடிவம்தான் என்றான் நண்பன். பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி காதைச் சுற்றி வந்து விழும். மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் க்லைஸ் நிறுவனம் செய்த குழாய் ஆர்கன் கோவில் மதில் மாதிரி நிற்கிறது. மேடை நடுவில் கறுப்பாக ஒன்பது அடிப் பியானோ. பக்கத்தில் ஒரு ஒலிவாங்கிகூட இல்லை.

"மைக் எங்கடா?"

"மைக்கா? மண்டபமே மைக்தான்."

பிறகு காதருகே வந்து, "மேல 88 மாடி, கீழ 88 கட்டை" என்றான். கோபுரத்துக்கும் பியானோவுக்கும் ஒரே எண் என்பதை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு சிரிப்பு.

விளக்கு மங்கியது. ஒரு பெண் கலைஞர் வந்தார். வணங்கினார், உட்கார்ந்தார், ஸ்டூலைக் கொஞ்சம் திருகி உயர்த்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பத்து விநாடி இருக்கும். அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். சுருதிப் பெட்டியின் ரீங்காரத்தில் ஊறிய காது எனக்கு; ஒரு கச்சேரி முழு வெறுமையிலிருந்து தொடங்குவதை அதற்கு முன் கேட்டதே இல்லை.

தகிட தகிட தகிட தகிட.

என் வலது கை தானாகத் தொடைக்குப் போகவில்லை, நாற்காலியின் மரக் கைப்பிடிக்குப் போனது. எட்டு அட்சர ஆதி தாளம், திஸ்ர நடை. மிக மெல்லத்தான் தட்டினேன். என் மோதிர விரலில் அம்மா போட்ட நவக்கிரக மோதிரம் இருக்கிறது. அது ஒவ்வொரு தட்டுக்கும் "டக்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, போயிருக்கும். பக்கத்தில் இருந்த சீன ஆண்ட்டி, அறுபது வயதிருக்கும், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி என் மோதிரத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். முறைக்கவில்லை, உஷ் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு விரல். அழும் குழந்தையின் உதட்டில் வைப்பது மாதிரி. பிறகு விரலை எடுத்துக்கொண்டார்.

எனக்கு முகம் சூடேறிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல், ஏழு வருடம் வாத்தியாரிடம் அடி வாங்கித் தாளம் கற்றவன், தாளம் போட்டதற்காக நிறுத்தப்பட்டேன். எங்கள் சபையில் தாளம் போடாமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தலையாட்டல், ஒரு "பலே", ஒரு "ஆஹா", எல்லாம் பாடுகிறவருக்கு நாம் கொடுக்கும் எரிபொருள். இங்கே கொடுக்க வேண்டியது வேறு ஏதோ என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (கைக்கடிகாரமும் அப்படித்தான். கையைத் தூக்கினால் வெளிச்சம் அடிக்கும் ரகம் என்றால் முன்பே அணைத்துவிடுங்கள். கைப்பேசியை அதிர்வில் வைப்பதும் போதாது. மரத் தரையில் பை இருந்தால் அது வண்டு மாதிரி உறுமும். முற்றாக அணைப்பதுதான் சரி.)

தாளம் போன பிறகு வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் நண்பன் தன் சிறிய பைனாகுலரை என் கையில் திணித்தான். பறவை பார்க்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் ரகம். "டாம்பரைப் பாரு" என்று உதட்டசைத்தான்.

மேல் அடுக்கில் வலது பக்கம் இருந்ததால் திறந்த மூடிக்குள் பியானோவின் உள்ளே நேராகத் தெரிந்தது. தந்திகளுக்கு மேலே கறுப்பாகச் சின்னச் சின்ன மரத்துண்டுகள் வரிசையாக, ரயில் பெட்டிகள் மாதிரி. அடியில் கம்பளி வைத்த அந்தத் துண்டுகள்தான் டாம்பர். ஒரு கட்டையை அமுக்கினால் அதன் டாம்பர் மட்டும் எழும். சுத்தி தந்தியை அடிக்கும். விரலை எடுத்தால் டாம்பர் விழுந்து நாதத்தை அடக்கிவிடும். வலது கால் பெடலை மிதித்தால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். அப்போது அடித்த தந்தி மட்டும் இல்லை, அடிக்காத தந்திகளும் சேர்ந்து முனகும். பியானோவுக்குத் தம்பூரா கிடையாது என்று நினைத்திருந்தேன். உள்ளேயே இருக்கிறது.

முதல் பாகத்துக்குப் பீத்தோவன் எழுதி வைத்த குறிப்பு, முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பது. அதாவது பெடலை விடாதே என்கிறார். அவர் காலத்துப் பியானோவில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் அது ஒத்துவந்தது. இன்றைய பியானோவில் அப்படிச் செய்தால் எல்லாம் கலந்து கூழாகிவிடும். அதனால் அந்தக் கலைஞர் பெடலை முழுக்க விடவும் இல்லை, முழுக்க மிதித்துக்கொண்டிருக்கவும் இல்லை. பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கறுப்பு வரிசை ஒவ்வொரு சுரக்கூட்டு மாறும்போதும் ஒரு நூல் அளவு இறங்கி, தந்தியைத் தொட்டும் தொடாமலும், மறுபடி ஏறியது. பழைய நாதத்தில் பாதியைத் துடைத்துவிட்டு மீதியின் மேல் புதியதை வைக்கிறார். அந்த மீதியைத்தான் கேட்க வேண்டும். என் மோதிரம் "டக் டக்" என்று அதன் மேல்தான் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. ஆண்ட்டி விரலை வைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் யாரும் தர முடியாது.

இரண்டாம் பாகம் சின்னது, இடைவெளி விடாமலே வந்து போனது. மூன்றாம் பாகம் புயல். கீழிருந்து மேலே படிப்படியாக ஓடி உச்சியில் "தாம் தாம்" என்று இரண்டு அடி. இப்படியே திரும்பத் திரும்ப. அப்போது நண்பன் முகத்தைச் சுளித்தான், பல்லில் கல் பட்டவன் மாதிரி. என்னடா என்று கண்ணால் கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று சைகை.

ஷூமனின் பதின்மூன்று துண்டுகளில் எனக்குப் பாதி கடந்து போய்விட்டது; வீட்டுப்பாடத்தில் அதை ஒரு முறைதான் கேட்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பதின்மூன்றும் சேர்ந்து ஒரே உருப்படி, நடுவில் கைதட்டுவது இல்லை. வாசலில் தரும் நிகழ்ச்சித் தாளில் ஒரு தலைப்பின் கீழே எத்தனை பாகம் என்று போட்டிருப்பார்கள். முதலில் அதை எண்ணி வைத்துக்கொண்டால் கை பதறாது. இருமல் வருகிறவர்கள் பாகங்களுக்கு நடுவில் இருமிக்கொள்கிறார்கள். ஒருவர் ஆரம்பித்தால் நாற்பது பேர் சேர்ந்துகொள்ளும் இருமல் பஜனை. இருமல் மிட்டாய் கொண்டுபோகிறவர்கள் காகிதத்தை வெளியிலேயே உரித்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உரிப்பதாக நினைத்து ஒன்றரை நிமிடம் உரித்த ஒருவர் எங்களுக்குப் பின்னால் இருந்தார்.

இடைவேளையில் எல்லாரும் கழிப்பறை வரிசைக்கு ஓடினார்கள். நண்பன் நகரவில்லை. "இப்பத்தான் என் கச்சேரி" என்றான். காலி மேடைக்கு ஒரு மனிதர் கறுப்புச் சட்டையில் சின்னப் பையோடு வந்தார். சுருதி சேர்ப்பவர். பியானோவில் 200-க்கும் மேல் தந்திகள். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. மூன்றும் ஒரே சுருதியில் நின்றால்தான் ஒரே குரல். ஒன்று ஒரு மயிரிழை நழுவினாலும் "வொய்ங்... வொய்ங்..." என்று அலை அடிக்கும். புயல் அடித்த மூன்றாம் பாகத்தில் மேலே ஏதோ ஒரு ஐந்தரைக் கட்டைத் தந்தி நழுவிவிட்டதாம். அதற்குத்தான் அந்த முகச்சுளிப்பு.

"பாரு, அவரு நேரா அங்கதான் போவாரு."

போனார். வேறு எதையும் தொடாமல் முதலில் அந்த ஒரு கட்டையைத் தட்டினார், கம்பளி ஆப்பைத் தந்திகளுக்கிடையில் செருகினார், திருகுக் கோலை ஒரு துளி அசைத்தார். அசைத்தாரா என்றே சந்தேகம். அலை நின்றது. நண்பன் யாரும் பார்க்காத அந்த மேடையைப் பார்த்துத் தனியாக மெல்லக் கைதட்டினான். சுற்றி இருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவன் இன்னொன்றும் சொன்னான். பியானோவில் எந்தப் பஞ்சமமும் (ச-விலிருந்து ப வரை உள்ள இடைவெளி) முழுச் சுத்தம் கிடையாது. பன்னிரண்டு சுரத்தையும் சமமாகப் பங்கு போட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பஞ்சமத்தையும் ஒரு துளி குறைத்துத்தான் கட்டுகிறார்கள். நம் தம்பூராவின் ச-ப போல உருகிச் சேராது. "தினமும் எட்டு மணி நேரம் சுத்தமான பஞ்சமத்தைக் கேட்டு, அப்புறம் கொஞ்சமா கெடுக்கறதுதான்டா என் வேலை" என்றான். தமாஷாகத்தான் சொன்னான்.

இரண்டாம் பாதியில் முதல் நாக்டர்ன் முடிந்ததும் ஒரு மூலையில் சிலர் தட்டிவிட்டார்கள். கலைஞர் கோபித்துக்கொள்ளவில்லை, தலையை இலேசாகச் சாய்த்துச் சிரித்தார். இந்த மௌன விரதம் ஆதியிலிருந்து இருந்ததும் இல்லை. மொசார்ட் 1778-இல் பாரிஸிலிருந்து தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியில் ஒரு இடம் வந்தபோது நடுவிலேயே கைதட்டல் எழுந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். அப்போது அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். ஆகவே தவறி ஒரு முறை தட்டிவிட்டால் தலை குனிந்து உட்கார வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கலைஞரின் கையைப் பாருங்கள். கை கட்டைக்கு மேலேயே நின்றால் இன்னும் இருக்கிறது. மடிக்கு இறங்கினால் முடிந்தது.

ஷோபானில் நான் தாளத்தை மறுபடி எண்ண ஆரம்பித்தேன், இம்முறை நிகழ்ச்சித் தாளுக்கு அடியில், விரல் ரேகைகளில், சத்தமில்லாமல். எண்ணிக்கை பொருந்தி நிற்கவில்லை. நான் மூன்றில் இருக்கும்போது அவர் இரண்டிலேயே தயங்குகிறார், நான் காத்திருந்தால் அவர் ஓடிவிடுகிறார். எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் மேடையில் தொடையிலேயே ஒன்று வைத்திருப்பார். ஆனால் இடது கையை மட்டும் கவனித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. இடது கை தாளத்தைக் காக்க வேண்டும், வலது கை அதிலிருந்து விலகிப் போய் வரலாம் என்று ஷோபான் கற்றுக்கொடுத்ததாக அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பாடகர் விருத்தத்தை இழுக்கும்போது தம்பூரா பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பது போல என்று வைத்துக்கொண்டேன். முழுக்கப் பொருந்துகிற உவமை இல்லைதான், அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

பல்லாட் ஐந்து கட்டையில், ஜி மைனர். ஒன்பது பத்து நிமிடம். கடைசியில் தீப்பிடித்த மாதிரி ஓடி, மேலிருந்து கீழே சரிந்து விழுந்து, கனமான அடிகளோடு முடிந்தது. கையை அவர் எடுத்துவிட்டார், கால் மட்டும் பெடலில். பைனாகுலரில் அந்தக் கறுப்பு வரிசை இன்னும் தூக்கியபடியே நின்றது. நாதம் மண்டபத்தின் கூரை வரை போய் இளைத்துக்கொண்டே இருந்தது. யாரும் அசையவில்லை. பிறகு வரிசை முழுவதும் ஒன்றாக இறங்கியது, இமை மூடுவது மாதிரி. அதற்குப் பிறகுதான் கைதட்டல் வெடித்தது. இடது பக்கம் இருக்கை எடுத்திருந்தால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன். நண்பனிடம் இதைச் சொன்னபோது, "உன் கஞ்சத்தனத்துக்கு நீயே சப்பைக்கட்டு கட்டிக்க" என்றான்.

உடனே எழுந்து கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறவர்கள் நிறைய. ஓடாதீர்கள். கலைஞர் மூன்று முறை உள்ளே போய் வெளியே வந்து வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். நிகழ்ச்சித் தாளில் இல்லாத ஒன்று: ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1722-இல் தொகுத்த தொகுதியின் முதல் உருப்படி. சி மேஜர். ஒன்றரைக் கட்டையில் தொடங்கிய மாலையை ஒரு கட்டைக்கு இறக்கி, கீரவாணிக் கலக்கத்தைச் சங்கராபரணத்தில் ஆற்றி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. எழுந்து ஓடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

வெளியே வரும்போது சீன ஆண்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வெறும் விரலைப் பார்த்தார். "யூ டிரம்மரா?" என்றார். ஆமாம் என்றேன். "ஐ நோ லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நண்பன் பூச்சோங்கில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். தமிழ்க் குடும்பம், மகளுக்குப் பியானோ கிரேட் தேர்வு நெருங்குகிறது. அவன் பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்து, இரண்டு மணி நேரம் திருகி முடித்தான். எனக்கு ஒரு ஆசை. பெடலை மிதித்துக்கொண்டு, இடது ஓரத்தில் இருக்கும் ஒன்றரைக் கட்டையை ஒரே ஒரு முறை அடித்துவிட்டு, மடியில் கையை வைத்து எண்ண ஆரம்பித்தேன். எட்டு எட்டாக, விநாடிக்கு ஒரு அட்சரம்; முதல் நாலு அட்சரம் லகு, ஒரு தட்டும் மூன்று விரலும். முதல் ஆவர்த்தனத்தில் உறுமல். இரண்டாவதில் அது உருண்டு திரண்டது. மூன்றாவதில் உள்ளே வேறு தந்திகள் முனகுவது தனியாகக் கேட்டது. நான்காவது முடிந்து ஐந்தாவதுக்குள் போனேன், நூல் மாதிரி இன்னும் இருந்தது. நண்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

லகுவின் மூன்றாவது விரலில் இருக்கும்போது, சமையலறையில் வீட்டுக்கார அக்கா மிக்ஸியைப் போட்டார்.